விஜயாவின் மில் கிளம்பிய விதம்

நவம்பர் 4, செவ்வாய்

விஜயா தன் சாமை மில்லின் டீசல் எஞ்சினை விற்றுவிட்டு மின்மோட்டார் வைக்கப்போகிறாள். எஞ்சினை வாங்கும் அப்சர் வெள்ளிக்கிழமை சேந்தமங்கலத்திலிருந்து லாரியோடு வருகிறார். எல்லாம் என் கணக்கை நம்பி. நம் ஊருக்கென்றே போட்ட சோலாரும் பேட்டரியும் பகலில் மில்லைத் தாங்கும், டீசல் செலவு மிச்சம், புகையும் இல்லை என்று ஊர்க் கூட்டத்தில் எழுதி வாசித்தவன் நான்தான். இன்னொரு முறை சரிபார்க்கலாமோ?

நவம்பர் 5

பார்த்தேன். சரிதான். அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 6

ஒத்திகை. விஜயா புது மோட்டாரைப் போட்டாள். ஊர் முழுக்கக் கரண்டு போய்விட்டது. ஓடுகிற மோட்டாருக்குக் கணக்குப் போட்டவன், அது கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும் என்பதை விட்டுவிட்டேன். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன்! அட மடையா.

“ஏனுங்க புரபசரு, என்ர சட்னி பாதியில நிக்குதுங்க” என்றாள் பாப்பாயி. கட்டிய மனைவியே இப்படி.

எஞ்சினை விற்க வேண்டாம் என்று விஜயாவிடம் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“அட்வான்ஸ் வாங்கி மோட்டாருக்குக் குடுத்துட்டனுங்க சார். மில்லு நின்னா எனக்குச் சோறில்ல. நீங்களே ஒரு வழி சொல்லுங்க.”

நவம்பர் 7

வழி கிடைத்தது. மில் கிளம்பும் அந்தச் சில நொடிகள் மட்டும் எல்லா வீட்டிலும் மிக்ஸி, டி.வி. நின்றால் போதும்.

“சரிங்க, ஆரு கத்திச் சொல்றது?” என்று விஜயா என்னையே பார்த்தாள். என்னையா? பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி நடந்து வருகிறவன் நான்.

அப்சர் டீ கிளாசோடு நின்றார். “எஞ்சின ஏத்தட்டுமா, வேண்டாமா? சொல்லுங்க சார்.” இதற்கும் நானா!

கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். “மில்லு போடறோம்! எல்லாத்தையும் நிறுத்துங்க!”

அப்சர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். மில் கிளம்பியது. கரண்டு போகவில்லை. எஞ்சின் லாரியில் ஏறியது.

“இத்தனை வருசமா இந்தக் குரல எங்கீங்க வெச்சிருந்தீங்க?” — பாப்பாயி.

டிசம்பர் 3, புதன்

காற்றில் மரம் விழுந்து, கீழிருந்து நம் மலைக்கு வரும் மின்கம்பி அறுந்துவிட்டது. பக்கத்துக் குண்டூர் நாட்டு மலையூர்களில் இரண்டு நாளாக இருட்டு. அங்குள்ளவர்கள் சாமை மூட்டைகளோடு, சோலாரில் ஓடும் நம் ஊருக்கு வருகிறார்கள். விஜயாவுக்குத் தலை சொறிய நேரமில்லை. என்னைக் கேலி பண்ண மட்டும் இருக்கிறது.

காலையில் மில்லுக்குப் போனேன். நான் நடந்து போவதைப் பார்த்தே வீட்டுக்கு வீடு மிக்ஸி அடங்கியது. வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை.

கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.