சின்ன ஸ்டேஷனின் கரும்பலகை

நோத்ர-டாம்-த-கிரேஸ், மாண்ட்ரியல்
ஏப்ரல் 1979

அன்புள்ள அனுவின் அப்பாவுக்கு,

உங்கள் பெயரை எழுதித் தொடங்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. இத்தனை வருஷம் கனடாவில் இருந்தும் மாறவில்லையே என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

இங்கே பனி கரைந்துவிட்டது. முதல் பனி பெய்த அன்று நீங்கள் மாரடைப்பு வந்து விழுந்த நடைபாதையில் சிமெண்ட் தெரிகிறது. முனையில் இருக்கும் டெபனர் மளிகைக் கடைக்காரர் இன்னும் என்னைக் கண்டால் தொப்பியைக் கழற்றுகிறார். அதற்குப் பயந்தே பாலை வேறு கடையில் வாங்குகிறேன்.

இன்று உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்பதென்ன, சொல்லிவிட்டுச் செய்யப் போகிறேன். சமையலறைக் கதவருகே நீங்கள் மாட்டிய கரும்பலகையைத் துடைக்கப் போகிறேன்.

அந்தப் பலகைக்கு யோசனை எங்கே வந்தது, நினைவிருக்கிறதா?

அனு என் வயிற்றில் இருந்த வருஷம். சென்னைக்குப் போகும் வழியில் ஒசாகா பொருட்காட்சிக்காக ஜப்பானில் இறங்கினோம். மாண்ட்ரியல் பொருட்காட்சி வருஷத்தில் இங்கே குடிவந்தவர்கள் அதையும் விடக்கூடாது என்றீர்கள். உங்கள் ஆபீஸ் ஜப்பானிய நண்பர் தன் அக்காவுக்கு ஒரு பார்சல் கொடுத்தனுப்பியிருந்தார். அதைச் சேர்க்கத்தான் மலையடிவாரத்தில் அந்தக் குட்டி ஸ்டேஷனுக்குப் போனோம். மரக் கட்டடம், ஒரே பிளாட்பாரம், பெஞ்சில் ஊர்ப் பெண்கள் தைத்துப் போட்ட மெத்தைகள். டிக்கெட் கொடுப்பது, கொடி காட்டுவது, பெருக்குவது எல்லாம் ஒரே ஆள்.

திரும்பும்போது அந்த அக்கா என்னை விடவே இல்லை. இன்னும் ஒரு டீ, இன்னும் ஒரு ஆரஞ்சு. டிக்கெட் வாங்கி வைக்கிறேன் என்று நீங்கள் முன்னால் கிளம்பினீர்கள். நான் வந்து பார்த்தால் ஸ்டேஷனில் நீங்கள் இல்லை. சுவரில் ஒரு கரும்பலகை. வருகிறவர்களுக்காகப் போகிறவர்கள் சேதி எழுதிவைக்கும் பலகையாம். ஜப்பானிய எழுத்துகளுக்கு நடுவே கொட்டை கொட்டையாகத் தமிழ்!

‘லலிதா, ஜங்ஷனில் நம் பெட்டிகள் இருக்கும் அறையை மூடிவிடுவார்கள். நான் போகிறேன். அடுத்த வண்டியில் வா. ஓடி வராதே. அங்கே நிற்கிறேன்.’

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! பிள்ளைத்தாய்ச்சியை மொழி தெரியாத ஊரில் விட்டுவிட்டுப் போகிற ஆளா நீங்கள்? நின்ற இடத்திலேயே அழுதேன். ஸ்டேஷன்காரர் டஸ்டரோடு வந்தார். படித்தாயிற்றா என்று சைகையில் கேட்டார். தலையாட்டினேன். உடனே துடைத்துவிட்டார். எனக்குப் பகீரென்றது. அவரோ பக்கத்தில் காத்திருந்த ஒரு பள்ளிக்கூடப் பெண்ணிடம் சாக்பீஸை நீட்டினார். அவளுக்கும் யாருக்கோ சேதி சொல்ல வேண்டியிருந்தது.

ஜங்ஷனில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தீர்கள்.

“வந்துட்டியா? பாத்து இறங்கு.”

“போகிறேன்னு யாராவது எழுதுவாங்களாங்க? போயிட்டு வரேன்னு எழுதக் கூடாது? நல்ல நாளும் அதுவுமா!”

“சரி சரி, கத்தாதே. இனிமே அப்படியே எழுதறேன்.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள். இங்கே திரும்பியதும் பலகை வாங்கி மாட்டினீர்கள். ஆபீசுக்கோ மெட்ரோ ஸ்டேஷன் வரைக்குமோ எங்கே கிளம்பினாலும் ‘போய் வருகிறேன்’தான். கடைசியிலும் அப்படித்தான். பலகை நிறைய, ‘பால் வாங்கப் போய் வருகிறேன்.’ நூலக வேலை முடிந்து வந்து அதைப் படித்தேன். காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். அது கொதிக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

வருகிறேன் என்று எழுதியிருப்பதை எப்படித் துடைப்பது? நீங்களே சொல்லுங்கள். குளிர்காலம் முழுக்க அந்தப் பக்கம் துணியே கொண்டுபோகவில்லை. அனுவையும் தொடவிடவில்லை.

முந்தாநாள் வேலையிலிருந்து வந்தால் அனுவைக் காணோம். படிக்கட்டு, பின்சந்து, பார்க் எல்லாம் தேடினேன். போலீசுக்குப் போன் செய்யப் போகும்போது, அடுத்த தெருத் தோழி வீட்டிலிருந்து சாவகாசமாக வந்து நிற்கிறாள். எனக்கு உயிரே போய் வந்தது.

“எழுதி வெச்சுட்டுப் போகக் கூடாதாடி?”

“எங்கம்மா எழுதறது? அப்பா எழுதினது இருக்கே. நீதானே தொடாதேன்னே.”

திட்டத்தான் வாயெடுத்தேன். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த ஸ்டேஷன்காரர் மேல் இத்தனை வருஷமாக எனக்கு ஒரு சின்ன வருத்தம் இருந்தது. அது அன்றைக்குப் போய்விட்டது.

இன்று சாயங்காலம் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே துடைக்கிறேன். சாக்பீஸை அவள் கையில் கொடுக்கிறேன். பாதி தமிழ், பாதி பிரெஞ்சு என்று கோணல்மாணலாகத்தான் எழுதுவாள். எழுதட்டும்.

நீங்கள் அங்கே நின்றுகொண்டிருப்பீர்கள் என்று தெரியும். கால் வலிக்கும், உட்காருங்கள். அனு இன்னும் படித்து முடிக்க வேண்டும். எனக்கும் இங்கே வேலை இருக்கிறது. அடுத்த வண்டியில் வர முடியாது. நீங்கள் எழுதியதை நான் படித்துவிட்டேன். சத்தியமாக, ஓடி வர மாட்டேன்.

என்றும் உங்கள் மனைவி,
அனுவின் அம்மா
லலிதா