பெரிய வியாழன் நாற்காலி

அன்புள்ள செசிலிக்கு,

போனில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்: நாலு நாளாய் அடுத்தவன் காலைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? மஸ்கட்டில் எனக்குச் சளி மட்டுந்தான், பயப்படாதே.

நீ அனுப்பிய பெரிய வியாழன் பூசை வீடியோ பார்த்தேன். ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததுபோல் சாமியார் கையால் காலைக் கழுவிக்கொள்ள உட்காரும் பன்னிரண்டு பேரில், என் நாற்காலியில் பக்கத்து வீட்டுச் சூசைமாணிக்கம்! சிவகாசிப் பட்டாசுக் கம்பெனிப் பவுடர் மினுங்குகிற அந்தக் காலுக்குச் சாமியாரின் முத்தம் வேறு. “அண்ணே, காலை நல்லா நீட்டுங்க, படத்துல விழ மாட்டேங்குது!” என்று உன் குரல். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அடுத்த வருஷம் நாற்காலி எனக்குத்தான் என்று சாமியாரிடம் இப்போதே சொல்லி வை. என் செருப்பு வாசலிலேயே கிடக்கட்டும், ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். வேன் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் ஞானப்பிரகாசம்

பி.கு.: நான் அதில் உட்கார்ந்தது ஒரே ஒரு வருஷம். அன்றைக்குச் சூசை காலில் மாவுக்கட்டு.