கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சொற்கள்

வெள்ளவத்தை, புதன்

அன்புள்ள என்னவருக்கு,

சுகமா? சீனி வருத்தக் குளிசையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? என் ஆங்கிலச் சொற்களை எழுதுவது யார்?

பதவி உயர்வு நேர்முகத்துக்காகத் தினமும் ஒரு கடினமான சொல்லை எழுதிக் கண்ணாடியில் ஒட்டிப் பாடமாக்குகிறேன். மூன்று நாளாக, நான் எழும்பும்போதே அடுத்த சொல் என் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறது. பூட்டிய அறையில் நான் மட்டும்தான்.

வீட்டுக்கார இரத்தினம்மா சிரித்தார். "நித்திரையில நீர்தான் எழுதுறீர், பிள்ளை. முந்தி இந்த அறையில இருந்த ரீச்சரும் இதைத்தான் சொன்னவ."

அப்பாவின் மறதி எனக்கும் தொடங்கிவிட்டதோ என்றுதான் பயம். இன்றிரவு கட்டிலைச் சுற்றி அரிசிமா தூவிவிட்டுப் படுக்கப்போகிறேன். நீங்கள் யோசிக்க வேண்டாம். என் பழைய போர்வையை அனுப்பிவிடுங்கள். சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்.

சிவாஜினி

வியாழன், தபாலில் போடுமுன்: மாவில் கால்தடமே இல்லை, என்னுடையதுகூட. கண்ணாடியில் புதிய சொல் இருந்தது: 'சொலஸ்', ஆறுதல். பாடமாக்கிக்கொண்டு நேர்முகத்துக்குப் போனேன். தெரிவாகிவிட்டேன்.