வலப்பக்கத்தில் ஒரு கிர்ர்

மார்ச் 3, செவ்வாய்

ஹோம் தியேட்டர் வந்து சேர்ந்தது. முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, தரையில் வைக்கவேண்டிய சப்வூஃபர் ஒன்று. சப்வூஃபரை இருவர் தூக்கிவந்தார்கள். மனைவி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த டப்பாவுக்குள்ள என்னங்க இருக்கு?" என்றாள். தாழ்ந்த ஒலிகள் என்றேன். உயர்ந்த ஒலிகள் சிறிய பெட்டியில் அடங்கிவிடும், தாழ்ந்தவற்றுக்கே அதிக இடம் தேவை என்றும் விளக்கினேன்.

"உங்க ஆபீஸ் மாதிரிதான்னு சொல்லுங்க."

தெருமுனைத் திரையரங்கு கிடங்காக மாறிய பிறகு நாங்கள் சேர்ந்து ஒரு படமும் பார்த்ததில்லை. அவள் படுக்கையறையில் கைபேசியில் பார்க்கிறாள். நான் கூடத்தில் செய்தி கேட்கிறேன். நடுவில் ஒரு சுவர். சென்ற மாதம் அவளேதான் கேட்டாள்: ஒரு படம், ஒன்றாக உட்கார்ந்து, அவ்வளவுதான் என்று. நியாயமான கோரிக்கை. ஆகவே முறைப்படி நிறைவேற்ற எண்ணுகிறேன்.

படம் எப்போது என்றாள். அளவீடு முடிந்ததும் என்றேன்.

மார்ச் 5, வியாழன்

கையேட்டை முழுவதும் வாசித்தேன், எச்சரிக்கைப் பக்கங்கள் உட்பட. சப்வூஃபரின் மேல் ஏறி நிற்கக் கூடாதாம். மனைவியிடம் தெரிவித்தேன். அப்படி ஓர் எண்ணம் தனக்கு இல்லை என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

சப்வூஃபருக்கு இடம் தேடுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. படம் பார்ப்பவர் அமரும் நாற்காலியில் சப்வூஃபரை அமர்த்தவேண்டும். படம் பார்ப்பவர் சுவரோரமாகத் தவழவேண்டும். எந்த இடத்தில் தாழ்ந்த ஒலி சீராகக் கேட்கிறதோ, பிறகு அங்கே சப்வூஃபரை வைத்தால் நாற்காலியில் அதே சீர் கிடைக்கும். தர்க்கத்தில் குறையில்லை, முழங்கால்கள்தான் ஒத்துழைக்கவில்லை.

நான் சாப்பாட்டு மேசைக்கு அடியில் இருந்தபோது மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி, அடுத்த தெருவில் வீடு, சொந்தமாகச் சரக்கு வண்டி ஓட்டுகிறான். என் நாற்காலியில் சப்வூஃபர் அமர்ந்து உறுமிக்கொண்டிருக்க, நான் தரையில் காதை வைத்திருந்ததைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டான்:

"அக்கா, மாமா எதையாவது தொலைச்சுட்டாரா?"

"டப்பாவுக்கு இடம் பாக்குறார்டா."

"அது ஏற்கெனவே மாமா சீட்ல உக்காந்திருச்சே."

"அதான் மாமாவுக்கு இடம் இல்ல."

தலை மேசையில் இடிபடாமல் வெளியே வந்து முறையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். "நல்லாத் தேடுங்க மாமா" என்று சொல்லி, நான் கடந்து செல்ல வசதியாக இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டான்.

படம் போடப்படவில்லை.

மார்ச் 9, திங்கள்

இடம் தீர்மானமாயிற்று: மனைவியின் தையல் மிஷின் இருந்த மூலை. மிஷின் பால்கனிக்குச் சென்றது. அவள் வெயிலில் உட்கார்ந்து தைத்தாள்.

மார்ச் 12, வியாழன்

பெட்டியோடு வந்த அளவீட்டு மைக்கைத் தாங்கியில் நிறுத்தி அளவீடு எடுத்தேன். எல்லா ஸ்பீக்கர்களும் ஒரே மட்டத்தில் வந்து நின்றன. டிவி திரையில் கண் கலங்கும் அளவுக்கு நேரான கோடு. கடைசியாகச் சரிபார்ப்பு ஒலி. மேலிருந்து கீழாக இறங்கிவரும் ஒரே நீண்ட ரீங்காரம். அது நாற்பது ஹெர்ட்ஸை நெருங்கியபோது —

கிர்ர்.

மெல்லிய, உலோகத்தனமான, சிறிதும் மரியாதையற்ற ஒலி. ஏதோ ஒரு பொருள் ஆடுகிறது. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி என்று ஊகிக்கிறேன்.

மைக் இதைப் பதிவு செய்யவில்லை. மைக்கின் தரம் குறித்து நிறுவனத்துக்கு எழுதினேன்.

மார்ச் 14, சனி

அலமாரி மைத்துனன் வீட்டுக்குச் சென்றது. தற்காலிக ஏற்பாடு. கிர்ர் செல்லவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

சுவர்க்கடிகாரம், ஆளுயர நிலைக்கண்ணாடி, பாத்திர அடுக்கு. அனைத்தும் வண்டியில் ஏறின. கிர்ர் உள்ளது.

இன்று மனைவியையும் மைத்துனனையும் சோபாவில் அமரவைத்து ஒலியை ஓட்டினேன். கேட்கிறதா என்றேன். "எதுங்க?" என்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "சுத்தமா இருக்கு மாமா. நெஞ்சுல வந்து உக்காருது." நான்கு முறை ஓட்டினேன். எனக்கு நான்கு முறையும் தெளிவாகக் கேட்டது. அவர்கள் இருவருக்கும் கேட்கவில்லை.

உடன்பிறந்தவர்கள். பரம்பரைக் குறைபாடாக இருக்கலாம்.

மார்ச் 17, செவ்வாய்

அலுவலகத்தில் புதிய எடை அளவு ஆய்வாளர்களுக்கு வகுப்பு எடுத்தேன். கடைக்காரரின் தராசைத் தொடுவதற்கு முன் நம் கையிலுள்ள எடைக்கல்லைச் சோதிக்கவேண்டும் என்பதை வலியுறுத்தினேன். கைதட்டினார்கள்.

மார்ச் 18, புதன்

வியப்பான ஒரு கண்டுபிடிப்பு. கிர்ர் கூடத்தில் மட்டும் இல்லை. சமையலறைக்குச் சென்றேன், அங்கும் கேட்டது. பால்கனி, அங்கும். எப்போதும் வலப்பக்கம். நான் திரும்பினால் அதுவும் திரும்புகிறது. ஆகவே அது ஒரு பொருளில் நிலைத்திருப்பதல்ல. சுவர்களின் வழியே நகரும் தன்மையுடையது. இதைப் பற்றி எந்த நூலிலும் இல்லை.

மார்ச் 21, சனி

கட்டிலும் மெத்தையும் போயின. திரைச்சீலைகள் வளையங்களோடு போயின. சமையலறையில் ஒரு பாத்திரம், ஒரு கரண்டி, இரண்டு தட்டுகள் மட்டும். அவையும் துணி சுற்றப்பட்டுள்ளன. தையல் மிஷினைப் பால்கனியிலிருந்து இறக்கியபோது மனைவி வாசல்வரை அதைத் தொட்டுக்கொண்டே நடந்தாள். மைத்துனன் வண்டியை எடுக்குமுன், "மாமா, என் வீட்ல இனிமே நிக்கத்தான் இடம் இருக்கு" என்றான். நல்லவன். குறை சொல்ல முடியாது.

படம் எப்போது என்று அவள் கடைசியாகக் கேட்டு ஒரு வாரமாகிறது.

மார்ச் 24, செவ்வாய்

மனைவியைக் காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கவேண்டிய சோதனை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நிறையப் பேர் காத்திருந்தார்கள். அவள் ஒவ்வொரு ஒலிக்கும் கை தூக்கினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. மருத்துவர் பாராட்டினார், இந்த வயதில் இப்படிப்பட்ட செவி அரிது என்றார்.

பிறகு எனக்கும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைக்கச் சொல்லி ஹெட்ஃபோனை மாட்டினார். தாழ்ந்த ஒலிகள் மிகத் தூய்மையாக இருந்தன, கிர்ர் இல்லை. மருத்துவமனைச் சுவர்கள் தடிமனானவை.

இருவருக்கும் குறையில்லை எனில் அறிவியல் எங்கே போகும்? வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு சோதனைக்காக வளையல்களைக் கழற்றச் சொன்னேன். கழற்றித் தந்தாள். கிர்ர் இருந்தது.

மார்ச் 25, புதன்

அவள் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னது இது: "ஆடுற சாமானெல்லாம் அங்கதானே இருக்கு. நானும் அங்கயே இருக்கேன்."

வளையல்களைத் திருப்பித் தரலாம் என்று உள்ளே சென்று எடுத்து வந்தேன். அதற்குள் படி இறங்கிவிட்டாள்.

மார்ச் 28, சனி

கிர்ர் இருக்கிறது. அவள் இல்லை. ஆகவே அது அவள் அல்ல.

இதை நிரூபிக்க நான் விரும்பியதே இல்லை.

மார்ச் 31, செவ்வாய்

நகைக்கடை ஒன்றில் ஆண்டுச் சோதனை. தராசு வெறும் தட்டில் எடை காட்டியது. மிகச் சிறிய எடைதான். ஆனால் வெறுந்தட்டு என்றால் வெறுந்தட்டு. பிழையுள்ள கருவிகளில் கட்டும் சிவப்புச் சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினேன். கடைக்காரர் குனிந்து பார்த்தார்.

"சார், ஒரு நிமிஷம். தட்டுல என்னமோ கிடக்கு."

இடுக்கியால் எடுத்துக் காட்டினார். கடுகைவிடச் சிறிய திருகாணி. தங்கள் நகைகளில் இவ்வளவு சின்னது வராது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், மிகவும் தயங்கினார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கண்ணாடி..."

நான் தலை நிமிர்ந்தபோது மூக்குக்கண்ணாடியின் வலப்பக்கக் கால் கழன்று தராசில் விழுந்தது. தராசு அதன் எடையைச் சரியாகக் காட்டியது. குறையற்ற கருவி என்று எழுதிக் கையொப்பமிட்டேன். சரியான கட்டத்தில்தான் கையொப்பமிட்டேனா என்று தெரியவில்லை. எழுத்து மங்கலாக இருந்தது.

வலப்பக்கம். நான் திரும்பினால் அதுவும் திரும்பும். டாக்டர் கழற்றச் சொன்னார் — கழற்றினதும் கிர்ர் இல்ல. மைக் கண்ணாடி போட்டுக்கிறதில்ல!

அட மடையா. மூக்கு மேல இருந்ததுக்கு ஒரு வீட்டையே காலி பண்ணிட்டியே. அவளைக் கை தூக்க வச்சியே.

ஏப்ரல் 1, புதன்

கண்ணாடிக் கடையில் திருகாணியை முடுக்கித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து ஒலியை ஓட்டினேன். கிர்ர் இல்லை.

ஆனால் வேறொன்று இருந்தது. திரையும் மெத்தையும் இல்லாத வெறுங்கூடத்தில் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்புகிறது. தும்மினேன், வீடு பதிலுக்குத் தும்மியது. மைக் வரைந்த கோடு மலைத்தொடர் போல் இருக்கிறது. கையேட்டை மறுபடி எடுத்தேன்: அறையில் மெத்தென்ற பொருட்கள் போதிய அளவு இருக்கவேண்டும் என்று முன்பக்கத்திலேயே இருக்கிறது. இதை வாசித்தேனா? வாசித்தேன். அடிக்கோடும் இட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

மைத்துனன் வீட்டுக்குச் சென்றேன். எங்கள் கூடம் அங்கே இருந்தது. அதே கடிகாரம், அதே அலமாரி, அதே திரை. நடுவில் அவள் மிஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். மைத்துனன் நிலைக்கண்ணாடிக்கும் கட்டிலுக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்து எனக்கு நாற்காலி போட்டான்.

"சத்தம் போயிருச்சா?" என்றாள்.

போய்விட்டது என்றேன். எதிலிருந்து வந்தது என்றாள். தொழில்நுட்பக் காரணம் என்றேன். தலை நிமிராமல் நூலைக் கடித்துத் துண்டித்தாள். பேச்சு அங்கேயே நின்றுவிடக் கூடாது என்பதற்காக, கூடத்தில் எதிரொலி அதிகம், திரைச்சீலை இருந்தால் நல்லது என்று தொடர்ந்தேன்.

"உங்களுக்குத் திரை வேணுமா, நான் வேணுமா?"

"இரண்டுமே ஒலியை உறிஞ்சும்" என்றேன்.

மைத்துனன் எழுந்து வெளியே போய்விட்டான். அவள் திரைச்சீலைகளை இறக்கி, மடித்து, பையில் போட்டு என் மடியில் வைத்தாள். இப்போது என் கூடத்தில் திரை இருக்கிறது.

உண்மையாகச் சொல்லியிருக்கவேண்டிய இடத்தில் உண்மையான தகவலைச் சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல போலும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

பிழையுள்ள கருவியை அறிந்தபின் சீட்டுக் கட்டாமல் விடுவது விதிமீறல். இருபத்தாறு வருடப் பணியில் நான் அப்படி விட்டதில்லை. மூக்குக்கண்ணாடியின் வலப்பக்கக் காலில் சிவப்புச் சீட்டைக் கட்டினேன். அலுவலகச் சீட்டைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தினேன். அதற்குத் தனியே குறிப்பு எழுதித் தரவேண்டும். சீட்டு தொங்க, அப்படியே அணிந்துகொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தேன். இரண்டு பேர் வணக்கம் வைத்தார்கள். மூன்றாமவர் வைக்கவில்லை.

அவள் கதவைத் திறந்தாள். கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். சீட்டை உரக்க வாசித்தாள்: "பயன்படுத்தத் தகுதியற்றது." பிறகு என்னைப் பார்த்தாள். "இது கண்ணாடிக்கா, உங்களுக்கா?"

"திருகாணி கழண்டிருந்துச்சு. கிர்ருன்னது அதுதான்" என்றேன். "வேற எதுவும் இல்ல."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் சிரித்த சிரிப்பில் எங்கள் அலமாரியின் கண்ணாடிக் கதவு கிர்ரென்றது. உண்மையாகவே கிர்ரென்றது. நானும் மைத்துனனும் கேட்டோம்.

"மாமா, என் முதுகு" என்றான் அவன். "அந்தக் கட்டிலை நான் தனியாத் தூக்குனேன் மாமா."

சிரிப்பு சட்டென்று நின்றது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்ததால் வந்த நீர் மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை, என் கண்ணாடி அவள் கையில் இருந்தது.

"அத்தனை பேர் பாக்கக் கையத் தூக்கித் தூக்கி இறக்குனேங்க. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குதுன்னு உங்களுக்கே தெரியும். நீங்க சொன்னதெல்லாம் இத்தனை வருஷமாக் கேட்டுட்டுத்தானே இருக்கேன்."

தப்பு என்னோடது என்றேன். வேறு சொல் கிடைக்கவில்லை, தேடவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து வளையல்களை எடுத்து நீட்டினேன்.

வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள்: மிஷின் இருந்த இடத்தில் மிஷின்தான் இருக்கவேண்டும்.

கூடத்தில் சப்வூஃபருக்கு ஒலியியல்படி பொருத்தமான இடம் அது ஒன்றுதான். அதை நான் தவழ்ந்து கண்டுபிடித்தேன். சொல்ல வாயெடுத்தேன்.

"சரி" என்றேன்.

ஏப்ரல் 8, புதன்

எல்லாம் திரும்பி வந்தன. கட்டிலின் ஒரு பக்கத்தை நான் தூக்கினேன். மைத்துனன் மறுபக்கத்திலிருந்து, "மாமா, எதுவும் கிர்ருன்னுதா?" என்று படிக்குப் படி கேட்டான். என் இடுப்பு என்றேன். சப்வூஃபர் இப்போது செருப்பு அலமாரிக்கும் சன்னலுக்கும் இடையே இருக்கிறது. அதன்மேல் துவைத்த துணிக் கூடை. ஏறி நிற்கக் கூடாது என்றுதான் கையேடு சொல்கிறது. கூடை பற்றி எதுவும் இல்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்று படம் என்று முடிவாயிற்று. அவள் தேர்ந்தெடுத்தது. மைத்துனன் இடியோசை உள்ள படம் வேண்டும் என்றான், வாக்கெடுப்பில் தோற்றான்.

தொடங்குமுன் முறைப்படி ஒரு கடைசி அளவீடு. மைக்கை இம்முறை அவள் இருக்கையில் நிறுத்தினேன். முழு அமைதி தேவை என்று அறிவித்தேன். ரீங்காரம் மேலிருந்து இறங்கி நாற்பதை நெருங்கியது. அலமாரி கிர்ரென்றது. பாத்திர அடுக்கு அதற்குப் பதில் சொன்னது. கடிகாரம். சமையலறையில் வளையல். பிறகு, நடு அளவீட்டில், அவள் குரல்:

"என்னங்க, டீ போடவா?"

"போடு" என்றேன். மைக் அதையும் கேட்டுக்கொண்டது.

டிவி திரையில் எழுத்து வந்தது: அளவீடு தோல்வி. அறையில் இரைச்சல் உள்ளது. இரைச்சலின் மூலத்தை அகற்றிவிட்டு மீண்டும் முயலவும்.

மைக்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். டீ வந்தது. படத்தைப் போட்டோம்.