தொண்ணூற்றிரண்டு கிலோ

ஹிதார் மாதம் 3, செவ்வாய். விடிந்து அரை மணி.

103.4 கிலோ. ஓடத் தொடங்கி இன்று அறுபத்திரண்டாம் நாள். நாளுக்கு எட்டு கிலோமீட்டர். தொடங்கியபோது 104.5. அதாவது ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர் ஓடி ஒரு கிலோ நூறு கிராம். நான் பழுது பார்க்கும் டயாலிசிஸ் இயந்திரம் ஏதாவது இந்த லட்சணத்தில் வேலை செய்தால் கழற்றிக் குப்பையில் போட்டிருப்பேன்.

வேண்டியது 92. டாக்டர் கிரும் சொன்னது: "சுராஃபேல், உன் ரத்தம் உன் அக்காவோட பொருந்துது, சந்தோஷம். ஆனா இந்த உடம்புல கத்தி வெச்சு கிட்னி எடுக்க நான் தயாரில்ல. தொண்ணூத்திரண்டு. அப்புறம் வா."

திர்சித் அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால் நடக்காது. டயாலிசிஸ் தொடங்கிய முதல் வாரமே சொல்லிவிட்டாள்: "உன்னைக் கிழிச்சு என்னைத் தைக்கப் பார்த்தீங்க, இந்த ஊசியை நானே பிடுங்கி எறிஞ்சிடுவேன்." சொன்னால் செய்கிறவள். முதலில் 92. பிறகு அவளிடம் பேசிக்கொள்ளலாம்.

ஹிதார் 4

மெஸ்கெல் சதுக்கப் படிகளில் பத்து முறை ஏறி இறங்கினேன். அடிஸ் அபாபாவில் காலையில் ஓடுகிறவன் எல்லாம் குச்சி. என்னைக் கண்டால் ஆளுக்கொரு கேலி.

"வழி விடுங்கப்பா, தண்ணி லாரி ஏறுது!"

"அண்ணே, படி அரசாங்கத்தோடது. பார்த்து வைங்க காலை."

திட்ட நினைத்தேன். மூச்சு இல்லை.

ஹிதார் 11

மதியம் அக்கா வீடு. மருத்துவமனைக்கு அடுத்த தெரு. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் மதியச் சாப்பாடு அங்கேதான், ஒரே தட்டில். இஞ்செரா அப்பத்தைக் கிழித்து, குழம்பில் தோய்த்து, உருட்டி என் வாயில் வைப்பாள். எனக்கு ஒன்று, தனக்கு அரை. அவளுக்குத் தக்காளி கூடாது, வாழைப்பழம் கூடாது, உப்பு கூடாது, தண்ணீருக்கும் அளவு. நான் தின்பதைப் பார்ப்பதுதான் அவளுக்கு மிச்சம்.

"போதும்க்கா."

"ஒரு வாயோட நிறுத்தினா சண்டை வரும்டா. மூணாவதுதான் உறவு."

"மூணு எப்பவோ ஆச்சு. இது ஒன்பது."

"ஊட்டுற கையை எண்ணுற பிள்ளையை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்!"

பக்கத்து வீட்டு ஸெனபெச் அம்மா காபிக்கொட்டை வறுத்துக்கொண்டே சேர்ந்துகொண்டாள். "ரொம்ப ஓடி மெலிஞ்சிடாதே ராசா. பொண்ணு குடுக்கிறவன், பையனுக்கு என்ன வியாதின்னு கேப்பான்."

கணக்குப் போட்டேன். பதினான்கு கவளம், குறைந்தது ஆயிரத்து இருநூறு கலோரி. என் ஓட்டம் எரிப்பது எழுநூறு. பழுது எங்கே என்று தெரிந்துவிட்டது. அதை எப்படிச் சரிசெய்வது?

ஹிதார் 15

நோன்பு தொடக்கம். கிறிஸ்து பிறப்பு வரை இறைச்சி, பால், முட்டை கிடையாது. இனி தானாக இறங்கும்.

ஹிதார் 22

103.9. நோன்புக் குழம்பில் எண்ணெய்தான் நீந்துகிறது.

ஹிதார் 25

கத்திவிட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று நாலு தடவை சொன்னேன். சிரித்துக்கொண்டே வாய்க்கு நேராகக் கொண்டுவந்தாள். கையைத் தட்டிவிட்டேன். கவளம் அவள் வெள்ளைச் சால்வையில் விழுந்தது.

"நீ ஊட்டி ஊட்டித்தான் நான் இப்படிக் கிடக்கேன்! கையை எடு!"

ஸெனபெச் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா குனிந்து கவளத்தை எடுத்தாள். சால்வையைத் துடைத்தாள்.

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லாமே கெடும். உனக்காகத்தானே செய்யறேன் — அதையாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்.

ஹிதார் 26

மதியம் போகவில்லை. மருத்துவமனைப் பட்டறையில் டப்பாவைத் திறந்து அவித்த பயறு தின்றேன். இனி இப்படித்தான்.

தாஹ்சாஸ் மாதம் 8, செவ்வாய்

100.2! இறங்குகிறது.

அக்காவை இப்போது டயாலிசிஸ் நாட்களில் மட்டும் பார்க்கிறேன், செவ்வாயும் சனியும். ரத்தம் சுத்தமாகித் தண்ணீர் வடிந்த பிறகு அவள் எடை 51.0. எப்போதும் அதேதான். நல்லது.

"சாப்டியா?" என்றாள்.

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

தாஹ்சாஸ் 22

நான் 97.8. அவள் 51.0.

தாஹ்சாஸ் 29

கிறிஸ்து பிறப்பு. ஸெனபெச் அம்மா போன் செய்தாள். "டயாலிசிஸ் முடிஞ்சு வந்து, நிக்க முடியாம நின்னு கோழிக்குழம்பு வெச்சிருக்கா. வந்து ஒரு வாய் தின்னுட்டுப் போ." வேலை இருக்கிறது என்றேன். பொய். ஓடினேன். 96.9.

திர் மாதம் 5, திங்கள்

மறுபடியும் ஸெனபெச் அம்மா. "மூச்சு வாங்குதுப்பா. படுக்கவும் முடியல, உக்காரவும் முடியல. சீக்கிரம் வா!"

அக்காவைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன். இயந்திரத்தை நானே தயார் செய்தேன். டாக்டர் கிரும் அவள் கணுக்காலில் விரலை அழுத்தினார். குழி அப்படியே நின்றது. பிறகு அவள் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டார்.

"இந்தக் கையைப் பாரு. சதை எங்க?"

"எடை குறையலையே டாக்டர். ஒவ்வொரு தடவையும் ஐம்பத்தொண்ணுதானே இருந்துச்சு?"

"ஐம்பத்தொண்ணுல நிறுத்துன்னு மெஷினுக்குச் சொன்னது நாமதான்டா. அது நிறுத்துச்சு. சதை கரைஞ்ச இடத்துல தண்ணி நின்னுக்கிட்டிருந்திருக்கு. நானும் கோட்டை விட்டேன், நீயும் கோட்டை விட்டே."

வாரத்துக்கு இரண்டு தடவை அந்த எண்ணைப் பார்த்தேன். முகத்தைப் பார்த்தேனா?

வெளியே பெஞ்சில் ஸெனபெச் அம்மா. "தட்டே எடுக்கிறதில்ல அவ. தனியா உக்காந்து எப்படித் திங்கிறதுங்கிறா. நான் கூப்பிட்டா, தம்பி வந்துடுவான், அவனோட சாப்பிடறேன்னு அனுப்பிடுவா. எத்தனை நாள் சொன்னா தெரியுமா?"

தெரியாது. எனக்கு எதுதான் தெரியும்?

திர் 9

சேர்ந்திருந்த தண்ணீரை நான்கு நாளில் முழுக்க எடுத்தாயிற்று. அவளுடைய உண்மையான எடை 45.8. கிரும் சொல்லிவிட்டார்: இந்த உடம்பு அறுவைக்குத் தாங்காது. சதை பிடிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துத்தான் பேச்சு. இனி வாரம் மூன்று டயாலிசிஸ்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்:

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா வேணாம்பே."

"ஆமா, வேணாம்பேன். அதுக்குக் கையைத் தட்டிவிடுவியா? இந்த ஊசி, இந்த மருந்து வாடை... என் கையால சாப்பிட உனக்கு அருவருப்பு வந்துடுச்சுன்னு நினைச்சேன்டா."

அருவருப்பாமே. உன் கையா அக்கா எனக்கு அருவருப்பு?

திர் 21

நான் 98.6. அவள் 46.3. கால் வீக்கம் இல்லை. அழுத்திப் பார்த்தேன்.

சிறுநீரகம் பற்றி அவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் அவள் வீட்டில் சாப்பிடாவிட்டால் அவள் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டால் நான் 92-க்கு இறங்குவதில்லை. எத்தனை விதமாகப் போட்டாலும் கணக்கு அங்கேதான் முட்டுகிறது. செய்ய வேண்டியவை:

1. தினமும் மதியம் அக்கா வீடு. பயறு டப்பாவை ஸெனபெச் அம்மாவிடம் கொடுத்துவிடுவது.

2. எண்ணெய் பாதியாகக் குறைக்கச் சொல்லிக் கேட்பது. திட்டுவாள். திட்டட்டும்.

3. ஓட்டம் பன்னிரண்டு கிலோமீட்டர். முழங்கால் வலிக்கு மருந்து கேட்பது.

4. வார்டில் உள்ள எல்லா நோயாளிகளின் குறிப்பேட்டையும் புரட்டி, எடை மாதக்கணக்கில் அசையாமல் நிற்பவர்களின் பெயரைக் கிருமிடம் கொடுப்பது.

5. நான் இறங்காமலே போனால்? அடாமாவில் மாமா பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். அம்மா இறந்த பிறகு நான் ஒருமுறைகூட அங்கே போகவில்லை. ஞாயிறு அன்று முதல் பஸ்ஸில் போய், சிறுநீரகம் தர யாருக்காவது மனம் உண்டா என்று கேட்பது. கத்தாமல் கேட்பது.