ஏறிய பக்கத்தில் கிடந்த செருப்பு

மாமா,

நேற்று சிதம்பரம் மேலவீதியில் ஒரு கடையில் கோடிச் சேலை வாங்கினேன். யாருக்கு என்று கேட்டார் கடைக்காரர். அக்காவுக்கு என்றேன். "வீட்ல விசேஷமா?" என்று சிரித்தார். அவரை அடிக்காமல் வந்தது பெரிய விஷயம். அந்தப் புதுத்துணி வாசனை இன்னும் கையை விட்டுப் போகவில்லை.

புருஷன் இறந்தால் பிறந்த வீட்டார் கோடி போட வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அது தம்பியின் வேலை. உங்கள் படகு திரும்பாமல் மூன்று வருஷமாகிறது. உடம்பு கிடைக்கவில்லை என்று அக்கா பொட்டையும் அழிக்கவில்லை, தாலியையும் கழற்றவில்லை. உங்கள் ரப்பர் செருப்பு வாசலில் விட்ட இடத்திலேயே கிடந்தது. பெருக்கும்போதுகூட அதை நகர்த்த மாட்டாள். உங்கள் பெண்ணுக்கு இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள். "அப்பன் இருக்கானா இல்லியான்னு தெரியாத ஊட்ல எப்டிப் பொண்ணு எடுக்கறது?" என்று கேட்டுவிட்டார்கள். அதோடு அக்கா சடங்குக்குத் தலையாட்டிவிட்டாள்.

அந்தச் செருப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு விசாகப்பட்டினம்தான் ஞாபகம் வரும்.

சுனாமிக்குப் பிறகு நீங்கள் மாதக்கணக்கில் கடல் பக்கமே போகாமல் படுத்துக் கிடந்தீர்கள். அப்போது எனக்கு அங்கே வேலை. "கரையிலயே ஒரு வேல பாத்துக் குடுடா தம்பி" என்று அக்கா உங்களை ரயிலேற்றி அனுப்பினாள். கடலே வேண்டாம் என்று வந்தவரை லீவு நாளில் கப்பல் காட்டக் கூட்டிப்போனேன். என் புத்தி அப்படி.

கரையில் ஏற்றி நிறுத்தியிருந்த அந்த நீர்மூழ்கிக் கப்பலின் படியடியில் செருப்பைக் கழற்றிவிட்டீர்கள். இரும்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஏறினீர்கள். செருப்புக் காலோடு படகில் கால் வைக்கிறவன் நம் ஊரில் உண்டா? ஷூ போட்ட எனக்குத்தான் அது மறந்துபோயிருந்தது. உள்ளே மூச்சு முட்டும் சந்தில் ஒருவர் பின் ஒருவராக நகர்ந்து மறுமுனையில் இறங்கினோம். மத்தியான வெயிலில் சிமெண்ட் தரை கொதித்தது. காவலாளி திரும்பவும் உள்ளே விடவில்லை.

"ஏறுன பக்கம் எறங்க வுடமாட்றானே மச்சான், இது என்னா கப்பலு?" என்று கால் மாற்றி மாற்றி நின்றீர்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சுற்றிக்கொண்டு ஓடிப்போய்ச் செருப்பை எடுத்துவந்து போட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். சுனாமிக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

அடுத்து ஒரு காட்சிக்கூடம். புதுத் தேசம் தேடிப் போனவர்களின் வரைபடங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் பாய்க்கப்பல்கள். ஒரு கப்பல் முன்னால் வெகுநேரம் நின்றீர்கள். திரும்பி வரவில்லை என்று போட்டிருப்பதாக நான் படித்துச் சொன்னேன்.

"அவுங்க ஊட்ல என்னா பண்ணாங்களாம்?"

"அதப் போடல மாமா."

வேறெதையும் நீங்கள் பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, "கரையில குந்திக்கினு இருந்தா பைத்தியம் புடிச்சிடும் மச்சான். நா ஊருக்கே போறேன்" என்றீர்கள். போனீர்கள். மறுவாரமே கடலுக்கும் போனீர்கள்.

வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டீர்களே, இன்று பார்த்தேன். வைக்கோலில் ஆள் மாதிரி கட்டி, உங்கள் நீலச் சட்டையை மாட்டி, லுங்கியைச் சுற்றினார்கள். முகத்துக்கு ஒரு தேங்காய். கடற்கரையில் வைத்துக் கொளுத்தப் போகிறார்கள். நான் கோடி போட்டேன். அக்கா அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெரியவர் ஒருவர் வாசலில் கிடந்த செருப்பையும் எடுத்து வைக்கோல்மேல் வைத்தார். அக்கா எழுந்து வந்து அதை எடுத்துவிட்டாள். ஈரப் புடவைத் தலைப்பால் மண்ணைத் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"மத்தத எல்லாம் கொளுத்துங்க. இது தம்பிகிட்ட இருக்கட்டும். எந்தப் பக்கம் எறங்குறாரோ, கால் சுடும்."

அன்றைக்கு நான் ஓடிப்போய் எடுத்துவந்த கதையை நீங்கள் அவளிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

செருப்பு என் பையில் இருக்கிறது, மாமா. எந்தப் பக்கம் கொண்டுவரட்டும்?