தொட்டி தூக்குற கை

ஜூன் 2

வெல்டர் அண்ணன் இன்று இரும்புக் குழாயை வெட்டிக் கொடுத்தார். நம் குட்டி டிராக்டரின் பின்னால் நிற்கப்போகிற கை அது. அவர் 'பூம்' என்கிறார், எனக்குக் கைதான்.

என் வீட்டுக்காரருக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து எங்கள் செடி நர்சரியில் பெரிய தொட்டிகள் வைத்த இடத்திலேயே கிடக்கின்றன. சிலவற்றின் வேர் அடித்துளை வழியே தரைக்குள்ளேயே போய்விட்டது. ஆள் வைத்தால் உடைக்கிறார்கள். அதனால்தான் இந்த வேலை. பழைய டிப்பர் லாரியில் கழற்றிய ஹைட்ராலிக் சிலிண்டர் ஒன்று கிடைத்தது. ஆயில் அழுத்தத்தில் அது நீண்டால் கை மேலே போகும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "இது எதுக்கு?" சொன்னேன். "ம்" என்று போய்விட்டார்.

அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்?

ஜூன் 5

பம்ப் வந்தாயிற்று. எந்தத் துளையில் ஆயில் உள்ளே போகும், எதில் வெளியே வரும்? அரை நாளாக முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதுவும் என்னை முறைக்கிறது.

ஜூன் 9

முதல் சோதனை. லீவரை மேலே தள்ளினால் கை கீழே போகிறது. கீழே இழுத்தால் மேலே! வெல்டர் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஹோஸ் ரெண்டையும் மாத்தி மாட்டிட்டோம்மா. வீட்லயும் இப்படித்தான் நடக்குதா?"

மாற்றி மாட்டினோம். எலுமிச்சைத் தொட்டியைச் சங்கிலியில் கோத்துத் தூக்கினேன். தொட்டி அசையவில்லை, டிராக்டரின் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழுந்துவிட்டன. நான் சீட்டில் இருக்கிறேன்! "இறக்கு! கீழ இறக்குடி!" – அவர்தான். வேகமாக நடக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன மனிதர் ஓடி வந்தார். நான் இறக்கியதும் உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

கோபமா? யார் மேல்? என் மேலா, வண்டி மேலா?

ஜூன் 10

பெயிண்ட் வாளிகளில் கான்கிரீட் ஊற்றி வண்டியின் முன்னால் பாரத்துக்கு மாட்டினோம். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் 14

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தர் வந்து வேலி ஓரமாகக் காலடி வைத்து அளந்துகொண்டே நடந்தார். யார் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "சும்மா பாக்க வந்தாரு." சும்மா பார்க்க வருகிறவர் எதற்கு வேலியை அளக்கிறார்?

ஜூன் 15

தூக்கிவிட்டது!

எலுமிச்சை பூப்போல எழுந்தது. மெதுவாக நகர்த்தி நிழலுக்குக் கொண்டுபோனேன். வெல்டர் அண்ணன் கை தட்டினார். திரும்பிப் பார்த்தால் வீட்டுக்காரர் நிற்கிறார்.

"இறக்கி வை. அது இனிமே நம்மளது இல்ல."

போன மாதமே கண்ணாடிக்காரருக்கு நர்சரியைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டாராம். வீடு மட்டும் நமக்கு.

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். நீ பைப்பை வெட்ட வெச்சிட்டிருந்த. அப்புறம் தினமும் எதையாவது மாட்டிட்டே இருந்த. எப்படிச் சொல்றது?"

ஜூன் 16

ஒண்ணும் புரியல. ஆபரேஷனுக்கு அப்புறம் தோட்டத்தைப் பாக்கவே முடியல, ஒவ்வொரு தொட்டியும் என்னைக் கேலி பண்ற மாதிரி இருக்குங்கிறார். அப்போ நான் செஞ்சது? அதுவும் கேலியா? சண்டை போடலாம்னு போனா, சுவரைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திருக்கிறார். எப்படிச் சண்டை போடறது?

ஜூன் 20

கையெழுத்து ஆயிற்று. கண்ணாடிக்காரர் ஷெட்டைக் காட்டி, "அந்த வண்டியும் சேத்துத்தானே?" என்றார்.

"அதை என் வீட்டம்மாவைக் கேளுங்க. அவ செஞ்சது."

இல்லை என்றேன். ஏன் சொன்னேன்? தோட்டம் இல்லாமல் அது எதைத் தூக்கும்?

ஜூன் 27

மழை. கையின் மேல் தார்ப்பாய் போட்டேன்.

ஜூலை 11

காலையில் கண்ணாடிக்காரர் போன் செய்தார். ஆட்கள் இரண்டு தொட்டிகளை உடைத்துவிட்டார்களாம். "மேடம், உங்க வண்டி வாடகைக்கு வருமா?"

நான் சாவியைத் தேடி எடுப்பதற்குள் வீட்டுக்காரர் சட்டை போட்டுக்கொண்டு கேட் பக்கம் போய் நின்றார்.

அங்கே நான் லீவரைப் பிடித்தேன். அவர் கண்ணாடிக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டார். "அதுக்கு வெயில் ஆகாது சார். தண்ணியை இலை மேல ஊத்தாதீங்கன்னா கேக்கணும்." அந்த மனிதர் பாவம், கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையாட்டினார். நமக்குச் சொந்தமில்லாத தொட்டிகளை மதியம் வரை தூக்கித் தூக்கி வைத்தேன். சந்தோஷமாக இருந்ததா? இருந்தது போலத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். நானும் வண்டியை நிறுத்தினேன்.

"நாளைக்கு எங்க?"

"யாராவது கூப்பிட்டாத்தாங்க."

வண்டியைச் சுற்றி வந்து மட்கார்டைத் தட்டிப் பார்த்தார். "இங்க எனக்கு ஒரு சீட் வைக்க முடியுமானு வெல்டரைக் கேளு. சாயறதுக்கு முதுகு வெச்சது."

கேட்டுவிட்டேன். நாளை அளவெடுக்க வருகிறார்.